மிச்சி நோ எக்கி: வண்டி நிறுத்தும் இடமா, போய்ப் பார்க்கும் இடமா?

முதல் கேள்வி, அக்டோபர் 9, 2024

டிசம்பரில் நகோயா வருகிறேன். கிஸோ பள்ளத்தாக்கில் மகோமே, ட்சுமகோ என்ற இரண்டு பழைய சாலையோர ஊர்களையும் பார்ப்பதாகத் திட்டம். வரைபடத்தில் 19-ஆம் எண் சாலை நெடுக ‘மிச்சி நோ எக்கி’ என்று புள்ளி புள்ளியாக இருக்கிறது. கழிப்பறையும் கடையும்தானே, அங்கே நிற்பது வீண் என்கிறார்கள் நண்பர்கள். டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த நகசெண்டோ என்ற 400 வருடத்துச் சாலையைப் பார்க்க வருபவன் பார்க்கிங்கில் எதற்கு நிற்கணும்? போனவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, இரவு

நில்லுங்கள் சார். ஆனால் காலையில் நில்லுங்கள். மதியம் மூன்று மணிக்குப் போனால் உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் சரி.

அவர்கள் டோல் கட்டிப் போகும் எக்ஸ்பிரஸ்வேயின் சர்வீஸ் ஏரியாவை நினைத்துச் சொல்கிறார்கள் போல. அது வேறு. மிச்சி நோ எக்கி, அதாவது ‘சாலை நிலையம்’, இருப்பது டோல் இல்லாத சாதாரண சாலையில். லாரிக்காரரும் நிற்பார், பக்கத்து ஊர்ப் பாட்டியும் முள்ளங்கி வாங்க வருவார். 24 மணி நேரமும் இலவச பார்க்கிங், கழிப்பறை, தொலைபேசி, சாலை பற்றிய தகவல் சொல்ல ஒரு இடம்: இவ்வளவும் இருந்தால்தான் அமைச்சகம் பதிவு செய்யும். கடையும் சாப்பாடும் அந்தந்த ஊர் நகராட்சியோ, நகராட்சி பங்கு வைத்திருக்கும் கம்பெனியோ நடத்துவது. 1993-ல் 103 இடங்களோடு தொடங்கியது, இப்போது 1,200-ஐத் தாண்டிவிட்டது.

மீதி நாளைக்கு. தூக்கம் வருகிறது.

அக்டோபர் 10

காலையில் ஏன் என்றால், கடை திறக்குமுன் சின்ன வெள்ளை லாரிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். கெய் ட்ரக் என்பார்கள், 660 சிசி இஞ்சின். இறங்குபவர்களில் பாதிப் பேருக்கு எழுபதுக்கு மேல் வயது. ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு. பிளாஸ்டிக் கூடையில் கத்தரிக்காய், காளான், வெங்காயத்தாள். உள்ளே ஒரு மூலையில் லேபிள் அடிக்கும் மிஷின். தன் எண்ணைத் தட்டி, விலையைத் தானே போட்டு, பார்கோடு அச்சடித்து, பை பையாக ஒட்டுவார்கள். லேபிளில் விளைவித்தவர் பெயர் இருக்கும்.

நான் பார்த்த ஒரு அம்மா தன் கத்தரிக்காய்ப் பைகளை அடுக்கினார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த வேறொருவரின் பைகளை நாலு விரல் அளவு உள்ளே தள்ளினார். தன்னுடையதை முன்னால் இழுத்துக்கொண்டார். விலையைப் பார்த்தேன், பக்கத்துப் பையைவிடப் பத்து யென் குறைவு! அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

விற்காததைச் சாயங்காலம் அவரவரே எடுத்துப் போக வேண்டும். விற்றதில் ஒரு பங்கு நிலையத்துக்குக் கமிஷன். மேற்கே எஹிமே மாகாணத்தில் உச்சிகோ என்ற ஊர் நிலையத்தில், என்ன விற்றது என்ற கணக்கு விவசாயிக்கே போய்விடும். குறைந்ததும் தோட்டத்தில் பறித்துக்கொண்டு வந்து நிரப்புவார்கள். தரகர் என்று ஒருவர் நடுவில் இல்லை.

அக்டோபர் 10, கொஞ்சம் கழித்து

“காய்கறிச் சந்தைக்கும் நகசெண்டோவுக்கும் என்ன சம்பந்தம்” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி, ஆனால் அதற்கு ரூட்டைச் சொல்ல வேண்டும்.

நகசெண்டோவின் நட்டநடுப் புள்ளி கிஸோவில் இருக்கிறது. ஹியோஷி கிஸோகோமா கோகென் என்ற மிச்சி நோ எக்கியை ஒட்டி ஒரு நினைவுக் கம்பம். எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) 67 ரி 28 சோ, கியோட்டோவுக்கும் 67 ரி 28 சோ. ரி, சோ இரண்டும் பழைய தூர அளவுகள். நம் கணக்கில் இந்தப் பக்கம் சுமார் 266 கிலோமீட்டர், அந்தப் பக்கமும் அதே. கம்பத்துக்குப் பக்கத்தில் 19-ஆம் எண் சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போகும். இதற்கா வந்தோம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது.

காரில் வந்து கம்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ரயிலில் மியனோகோஷி ஸ்டேஷனில் இறங்கி, பழைய சாலை வழியே நடந்து வாருங்கள். தார் போட்ட குறுகலான ஊர்ச் சாலை. வீடுகள், வயல், நடுநடுவே கல்லில் செதுக்கிய சிறு தெய்வங்கள். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கம்பம். வானம் தெளிந்திருந்தால் எதிரே கிஸோ கோமாகதகே, 2,956 மீட்டர். நிலையத்தில் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஹரனோ ஸ்டேஷனில் ரயில் ஏறலாம். மியனோகோஷிக்கும் கிஸோ ஃபுகுஷிமாவுக்கும் இடையில் இருப்பது இந்தத் துண்டு. 1911-ல் நகோயா பக்கமிருந்தும் டோக்கியோ பக்கமிருந்தும் போட்டு வந்த தண்டவாளங்கள் கடைசியாக இங்கேதான் இணைந்தன. நடந்தவர்களுக்கும் ரயிலுக்கும் நடு இதுதான்.

மியனோகோஷியில் கிஸோ யோஷினாகாவுக்கு ஒரு காட்சியகம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர், இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். 1183-ல் கியோட்டோவைப் பிடித்தார், அடுத்த ஆண்டே கொல்லப்பட்டார். கூட நின்று போரிட்ட தோமோயே என்ற பெண்ணைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசுகிறார்கள். எனக்கும் அவரைத்தான் பிடிக்கும்.

அக்டோபர் 12

நகசெண்டோவின் பழைய நிலையங்கள், அதாவது பயணிகள் தங்கவும் ஆள், குதிரை மாற்றவும் இருந்த ஊர்கள், 69 என்று மேலே ஒருவர் சொல்ல, இன்னொருவர் “69 இல்லை, 67” என்று சண்டைக்கு வந்திருக்கிறார். இருவரும் கையை இறக்குங்கள். கியோட்டோவுக்குச் சற்று முன்னால் குசட்சுவில் நகசெண்டோ, எடோவிலிருந்து கியோட்டோவுக்கு வரும் இன்னொரு பழைய சாலையான தோகைதோவோடு சேர்ந்துவிடுகிறது. குசட்சு, ஓட்சு இரண்டும் இரண்டு சாலைக்கும் பொது. சேர்த்து எண்ணினால் 69, விட்டுவிட்டால் 67. கிஸோவில் மட்டும் 11, அதில் சண்டையே இல்லை.

அக்டோபர் 13

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: “மகோமேயில் இருப்பது உண்மையான பழமை, உங்கள் மிச்சி நோ எக்கி நேற்றுக் கட்டியது.”

சார், மகோமே 1895-லும் 1915-லும் தீப்பிடித்து எரிந்த ஊர். நீங்கள் படத்தில் பார்த்த கல் பாவிய சரிவும் தண்ணீர்ச் சக்கரமும் அழகுதான். ஆனால் அங்கே நிற்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. ட்சுமகோ கதை வேறு. ரயில் எட்டிப்பார்க்காமல் போனதால் ஊர் மெலிந்தது, மெலிந்ததால் யாரும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. 1968-ல் பாதுகாப்பு வேலை தொடங்கியது. 1971-ல் ஊரே கூடி “விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை” என்று முடிவெடுத்தார்கள். மின்கம்பிகூட வீதியில் கண்ணில் படாது. பகலில் கார் நுழைய முடியாது. அவசியம் பாருங்கள்.

ஆனால் அதுவும் மனிதர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுக் காத்த பழமை. தானாக வந்து நிற்கவில்லை. ட்சுமகோவில் மாலை ஐந்து மணிக்குக் கடைகள் மூடியதும் நின்று பார்த்தால் தெரியும். பயணிகள் பஸ் போனதும் வீதி காலி. ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட எடோ காலத்தில் அந்த நேரத்தில்தான் அங்கே இரைச்சல் அதிகமாகும்: குதிரை, சுமைக்காரர், “எங்கள் விடுதிக்கு வாங்க” என்று கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள். அந்த இரைச்சலில் கொஞ்சமாவது எங்கே மிச்சமிருக்கிறது என்று கேட்டால், நான் பார்க்கிங்கைத்தான் காட்டுவேன்.

அக்டோபர் 13, பின்குறிப்பு

அந்தக் காலத்தில் தோகைதோவின் ஒவ்வொரு நிலையத்திலும் 100 ஆள், 100 குதிரை தயாராக நிறுத்த வேண்டும். நகசெண்டோவில் 50, 50. கிஸோ மலைப்பகுதிக்கு மட்டும் 25, 25. அரசு வேலையாகப் போகிறவர்களுக்கு இந்த ஊர்கள்தான் சுமக்க வேண்டும். போதவில்லை என்றால் சுற்றியுள்ள கிராமங்கள் ஆளும் குதிரையும் அனுப்ப வேண்டும். நடவு சமயமென்றாலும் தப்ப முடியாது. 1764-65-ல் அந்தச் சுமையை இன்னும் பல கிராமங்கள் தலையில் ஏற்றப் பார்த்தபோது நகசெண்டோவின் கிழக்குப் பகுதியில் விவசாயிகள் பெருங்கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1861-ல் இளவரசி கஸுனோமியா ஷோகுனை மணக்க இந்த வழியே எடோவுக்குப் போனார். ஊர்வலம் ஓர் ஊரைக் கடந்து முடிய நாட்கள் ஆயின. அதற்குச் சோறாக்கியதும் சுமந்ததும் யார் என்று அழகான ஓவியங்களில் தெரியாது.

ஆகவே பழைய நெடுஞ்சாலை என்றால் எனக்கு முதலில் இந்த ஏற்பாடுதான் ஞாபகம் வரும்: போகிறவனுக்கு இருக்கிறவன் செய்து தரும் வேலை. அன்றைக்கு வலுக்கட்டாயம். இன்றைக்கு அதே கிராமத்துப் பாட்டி தன் விலையைத் தானே போட்டு லேபிள் ஒட்டுகிறார். எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை.

அக்டோபர் 17

“ரொம்பப் புகழாதீங்க அண்ணா, எல்லா ஊரிலும் ஒரே பிஸ்கட் டப்பா” என்று ஒரு தம்பி. நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு நிலையத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) மலைப்படம் போட்ட இனிப்புப் பெட்டி ஒன்றை ஆபீசுக்கு வாங்கிப்போனேன். டப்பாவைத் திருப்பினால் தயாரித்த கம்பெனி மூன்று மாகாணம் தள்ளி. அட்டை மட்டும்தான் அந்த ஊர்.

அதனால் வழக்கம் ஒன்று வைத்துக்கொண்டேன். எதை எடுத்தாலும் முதலில் பின்பக்கம். முகவரியில் ஊர்ப் பெயர் இருந்தால் கூடைக்கு, இல்லாவிட்டால் திரும்ப அலமாரிக்கு. கிஸோவில் தேடுவதற்குக் கஷ்டமே இல்லை: ஹிரசாவா ஊரின் அரக்குப் பாத்திரம், யபுஹரா ஊரின் மரச் சீப்பு, ஹினோகி மரத்தில் சீவிய எதுவும். எடோ காலத்தில் இந்த ஹினோகியைத் திருடி வெட்டினால் ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பார்கள். இன்றைக்கு அதே மரத்தின் சீவல்களைச் சின்னப் பையில் போட்டு, குளியல் தொட்டியில் மிதக்கவிட என்று சில நூறு யென்னுக்குத் தருகிறார்கள். மோந்து பாருங்கள், வாங்காமல் வர மாட்டீர்கள்.

அக்டோபர் 21

சைவம் பற்றிக் கேட்ட அக்காவுக்கு. சோபா நூடுல்ஸ் பார்க்கச் சைவம்தான். தொட்டுக்கொள்ளும் சாறில் கட்சுவோ மீன் இருக்கும். சூப், காய் வேகவைத்த குழம்பு, எல்லாவற்றிலும் அது நுழையும். “மீனில்லை, மாமிசமில்லை” என்று சொன்னால் துண்டு போட்ட மீனை மட்டும் எடுத்துவிட்டுச் சிரித்தபடி தருவார்கள். நல்ல மனசு, பிரயோசனமில்லை.

நம்பிப் போகக்கூடியது கோஹெய் மோச்சி. பாதி குழைத்த சோற்றைக் குச்சியில் அப்பி, வால்நட்டும் எள்ளும் சோயாவும் அரைத்த விழுதைத் தடவி, கரியில் வாட்டுவார்கள். ஓரம் கருகி ஒட்டும்போது வாசனை பார்க்கிங் வரைக்கும் வரும். விழுதில் என்ன சேர்க்கிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செப்டம்பர் முதல் நகட்சுகாவா பக்கம் குரி கின்டோன்: கஷ்கொட்டையும் சர்க்கரையும் மட்டும், துணியில் முறுக்கிய உருண்டை. டிசம்பரிலும் கிடைக்கிற கடைகள் உண்டு.

அப்புறம் சுன்கி. டர்னிப் இலையை உப்பே போடாமல் புளிக்கவைத்த ஊறுகாய், கிஸோவுக்கே உரியது. மலைக்குள்ளே உப்பு அரிது, அதனால் வந்த வழக்கம் என்கிறார்கள். உப்பில்லாத ஊறுகாயா என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். இரண்டாவது வாயில் பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்பு எட்டிப்பார்த்தது, டப்பாவைக் காலி செய்துவிட்டேன்.

நவம்பர் 2

காரில் தூங்கலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள்.

அமைச்சகம் சொல்வது: களைத்தால் கண்ணயரலாம், தங்குவதற்கென்றே வரக்கூடாது. நாற்காலி விரித்து அடுப்பு மூட்டுவது, வாரக்கணக்கில் கிடப்பது, வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து போடுவது என்று சிலர் செய்த வேலையால் பல இடங்களில் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கே கண்ணயர்தல் முடிந்து எங்கே தங்கல் தொடங்குகிறது என்று எந்தப் பலகையிலும் இல்லை. இரவு பதினோரு மணிக்கு இஞ்சினை அணைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, விடியுமுன் கிளம்பினால் யாரும் தட்டமாட்டார்கள். இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கும் ஆளுக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், எடோ காலத்திலும் இதே தகராறுதான். நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே ததேபா என்று தேநீர்க் கடைகள். பயணி உட்காரலாம், டீ குடிக்கலாம், செருப்பு மாற்றலாம். இரவு தங்க அனுமதி இல்லை. தங்கவிட்டால் நிலையத்து விடுதிகளின் பிழைப்பு போய்விடும் என்று அரசே தடுத்தது. ஆள், குதிரைச் சுமையைத் தாங்குகிற ஊருக்கு விடுதி வருமானமாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு. ரகசியமாகத் தங்கவைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள்.

நவம்பர் 3

நேற்று எழுதியதை யோசித்தேன். நான் மிச்சி நோ எக்கியைப் பழைய நிலையங்களின் வாரிசு மாதிரி எழுதிக்கொண்டே வந்தேன். ததேபாவின் வாரிசு என்பது இன்னும் பொருந்தும். நடுவழியில் இருப்பது, இளைப்பாற மட்டும், ஊர்த் தின்பண்டத்தால் பேர் எடுப்பது, தங்கக்கூடாது என்பது. எல்லாம் அச்சாக அதே.

மகோமேயிலிருந்து ட்சுமகோவுக்கு நடப்பவர்கள் ஒன்றை நேரிலேயே பார்க்கலாம். மொத்தம் எட்டு கிலோமீட்டர் போல. கணவாய் தாண்டி இறங்கும்போது இச்சிகொக்குதோச்சி என்ற இடத்தில் பழைய ததேபா வீடு ஒன்று நிற்கிறது. உள்ளே தரையில் அடுப்பு, புகையேறிய உத்தரம். ஊர்க்காரர்கள் இலவசமாக டீ தருவார்கள். நான் போனபோது பெரியவர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் கெட்டிலைக் காட்டி, “பால் கிடையாது” என்றார். வேறு யாரோ நமக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள்!

வழியில் அங்கங்கே மணி தொங்கும், கரடிக்கு. அடித்துவிட்டுப் போங்கள், வெட்கப்படாதீர்கள்.

நவம்பர் 15

“காய்கறிக் கடைக்கு அரசுப் பணம் எதற்கு” என்று கேட்டவருக்கு. நஷ்டத்தில் ஓடும் நிலையங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2004-ல் நீகாட்டா சூயெட்சு நிலநடுக்கத்தின்போது மக்கள் ஓடிவந்து ஒதுங்கியது இந்த பார்க்கிங்குகளில்தான். அதன் பிறகே பேரிடர் வசதி பற்றித் தீவிரமாக யோசித்தார்கள். 2011 சுனாமியில் ரிகுசென்தகதாவின் தகதா மட்சுபரா நிலையமே அடித்துப்போகப்பட்டது. பழைய கட்டடத்தை நினைவாக அப்படியே விட்டு, 2019-ல் புதிதாகத் திறந்தார்கள். அதே 2011-ல் உள்ளே இருக்கும் தோனோ ஊரின் நிலையம் கடற்கரைக்குப் போகும் மீட்புப் படைகளுக்குத் தளமானது. பெரிய சமையலறை, பெரிய கழிப்பறை, எல்லோருக்கும் தெரிந்த இடம். வேறென்ன வேண்டும்?

கிஸோவிலும் அந்த ஞாபகம் உண்டு. கிஸோ ஃபுகுஷிமா மிச்சி நோ எக்கியில் நின்றால் ஒன்டகே எரிமலை தெரியும். 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், 5 பேர் இன்னும் கிடைக்கவில்லை. அங்கே மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்பவர்களைப் பார்த்தால் குறுக்கே போய் செல்ஃபி எடுக்காதீர்கள்.

நவம்பர் 30

கேள்வி கேட்டவர் காரா ரயிலா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். டிசம்பர் சார். 19-ஆம் எண் சாலையில் பகலில் ஈரமாக இருப்பது இரவில் பனிக்கட்டி. கார் எடுத்தால் ஸ்டட்லெஸ் டயர் (பனிச் சாலைக்கான டயர்) உண்டா என்று வாடகைக் கம்பெனியிடம் முதலில் கேளுங்கள், நகோயாவில் தானாகப் போட்டுத் தர மாட்டார்கள். இந்தியாவில் வாங்கும் சர்வதேச உரிமம் இங்கே செல்லும், ஸ்டியரிங் நமக்குப் பழகிய பக்கம்தான். பின்னால் வரும் லாரி ஒட்டி வந்தால் பதறாமல் அடுத்த நிலையத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். அதற்கும்தான் அது இருக்கிறது.

ரயிலென்றால் நான் மேலே சொன்ன மியனோகோஷி நடை. உள்ளூர் ரயில் அடிக்கடி இல்லை, திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

டிசம்பர் 8

நேற்று போய் வந்தேன். சுன்கி வந்துவிட்டது. அலமாரியில் ஏழெட்டு வீட்டுச் சுன்கி, ஒவ்வொன்றிலும் வேறு பெயர், வேறு விலை. கல்லாவில் இருந்த பெண்ணிடம் எது நல்லது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். எல்லோரும் ஊர்க்காரர்கள், எப்படிச் சொல்வார்? பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் கையை நீட்டி ஒரு பையைத் தொட்டுக் காட்டினார். அதை வாங்கினேன். புளிப்பு கொஞ்சம் தூக்கல்.

கடை மதியத்துக்கு மேல் காலியாகிறது, குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுகிறார்கள். பதினொன்றுக்குள் போய்விடுங்கள். டிசம்பர் கடைசி வாரமென்றால் புத்தாண்டு விடுமுறைத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை மட்டும் எப்போதும் திறந்திருக்கும், உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.